மூன்றாவது வரைவுக்கு மதிப்பெண் கொடுங்கள்: எழுத்துப் படிப்பு தொடங்கும் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம்.

படைப்பெழுத்தையும் தொழில்முறை எழுத்தையும் சேர்த்து ஒரு பட்டப்படிப்பாகத் தொடங்க முடிவெடுத்துவிட்ட கல்லூரிகளுக்கும், தொடங்கலாமா என்று கூட்டம்மேல் கூட்டமாகப் பேசிக்கொண்டிருக்கும் கல்லூரிகளுக்கும் இந்த மடல். அப்படியொரு படிப்பில் 3 வருஷம் உட்கார்ந்து எழுந்தவள் நான். வெளியே வந்து 18 வருஷம் ஆகிறது, எழுதித்தான் பிழைக்கிறேன். என் பெயர் போட்டு இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. பெயர் போடாமல் நான் எழுதியது அதைப்போல நூறு மடங்கு இருக்கும்: மருத்துவக் கருவிகளின் பயன்பாட்டுக் கையேடு, காப்பீட்டு விண்ணப்பப் படிவம், அறக்கட்டளைகளின் ஆண்டறிக்கை, யாரோ மேடையேறி வாசித்துக் கைதட்டு வாங்கிய உரை, கைப்பேசித் திரையில் ஒரு பொத்தானின்மேல் வரும் இரண்டே இரண்டு சொல். கதைகளால் எவ்வளவு கிடைத்தது என்று மட்டும் கேட்காதீர்கள். உண்மையைச் சொன்னால் உங்கள் மாணவர் சேர்க்கை அடிவாங்கும்.

உங்கள் கூட்டங்களில் என்ன பேசப்படும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. மொத்தம் எத்தனை தாள், எந்தப் பருவத்தில் கவிதை, எதில் நாடகம், விளம்பர எழுத்தைச் சேர்ப்பதா, திரைக்கதைக்குத் தனித் தாளா. அதெல்லாம் எப்படி முடிந்தாலும் பெரிய சேதமில்லை. நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். திருத்தி எழுதுவதைப் படிப்பின் நடுவில் வையுங்கள். அதற்கு நேரம் ஒதுக்குங்கள், அதற்கு ஆள் போடுங்கள், மதிப்பெண்ணையும் அதற்கே கொடுங்கள்.

அந்தப் பழைய கேள்வியை முதலில் தாண்டிவிடலாம். எழுத்தைச் சொல்லிக்கொடுக்க முடியுமா? "காரிகை கற்றுக் கவிபாடுவதிலும் பேரிகை கொட்டிப் பிழைப்பது நன்றே" என்று, யாப்பு படித்துப் பாட்டுக் கட்டுகிறவர்களை நம்மவர்கள் எப்போதோ கிண்டலடித்துவிட்டார்கள். உங்கள் குழுவிலும் ஒருவராவது இதைச் சொல்லியிருப்பார். எவரும் சொல்லவில்லை என்றால் குழுவில் தமிழ்த்துறை ஆள் இல்லை என்று அர்த்தம், உடனே சேருங்கள்.

இந்தக் கிண்டலையும் மீறித்தான் உலகத்தில் எழுத்துப் படிப்புகள் வந்தன. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1922-லேயே, உயர்பட்டத்துக்கு ஆய்வேட்டின் இடத்தில் கதையும் கவிதையும் கொடுக்கலாம் என்று அறிவித்தது. 1936-ல் அங்கே எழுத்தாளர் பட்டறை முறையான படிப்பாக நின்றது. மாஸ்கோவில் எழுத்தாளர்களுக்கென்றே ஒரு கல்வி நிறுவனம் 1933-ல் தொடங்கியது. இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பாக இது வந்தது 1970-ல்தான். அந்த முதல் வருஷத்து மாணவர், பின்னாளில் பெரிய நாவலாசிரியரான இயன் மெக்யூவன். பத்து வருஷம் கழித்து அதே படிப்பை முடித்துப்போன கசுவோ இஷிகுரோவுக்கு 2017-ல் இலக்கிய நோபல் கிடைத்தது.

நோபல் வாங்கியவரின் படத்தைச் சேர்க்கை விளம்பரத்தில் போடவேண்டும் என்று யாருக்காவது கை அரிக்கும். வேண்டாம். அந்த வகுப்பில் உட்காராமலே அவர் அதையெல்லாம் எழுதியிருப்பாரா என்பதற்கு உங்களிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. அயோவாக்காரர்களே தங்கள் அறிமுகக் குறிப்பில் இதைப் பற்றி அடக்கமாகத்தான் பேசுகிறார்கள்: எழுத்தைக் கற்பிக்க முடியாது என்று உலகம் சொல்வதைப் பாதி ஒப்புக்கொள்கிறோம், இருக்கிற திறமையை வளர்க்க முடியும் என்ற நம்பிக்கையில் நடத்துகிறோம் என்கிறார்கள். எனக்கு அந்தப் பாதி பிடிக்கும். எந்தப் பாதியைக் கற்பிக்க முடியும் என்று தெரிந்துகொண்டால் பாடத்திட்டம் தானாக அமைந்துவிடும்.

அது தெரிய வெகுதூரம் போகவேண்டியதில்லை. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தைத் திறந்தால் போதும். நாம் பள்ளியில் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு மறந்துபோனது. ஒரு நூலில் இருக்கக்கூடாத பத்துக் குற்றம், இருக்கவேண்டிய பத்து அழகு. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று போகும் அந்தக் குற்றப் பட்டியலை, தேர்வுக்கு என்று நினைக்காமல் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். சொல்லவேண்டியதைக் குறைத்துவிட்டாய். தேவைக்குமேல் இழுத்துவிட்டாய். சொன்னதையே சொல்கிறாய். மேலே ஒன்று சொல்லிக் கீழே அதற்கு மாறாகச் சொல்கிறாய். பேச வந்ததை விட்டுவிட்டு வேறொன்றை விரித்துக்கொண்டு போகிறாய். பெரிதாக ஆரம்பித்துப் போகப்போகத் தேய்ந்து முடிக்கிறாய். பத்திரிகை அலுவலகத்தில் கெட்டிக்கார எடிட்டர் ஒருவர் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் எழுதும் குறிப்புகள் இவைதானே?

இந்தப் பத்தையும் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்கு ஒன்று புலப்பட்டது. இவற்றில் ஒன்றுகூட எழுதிக்கொண்டிருக்கும்போது கண்ணில் படுகிற குற்றம் அல்ல. எழுதுகிற நேரத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் நாம் எல்லோரும் மேதைகள். மறுநாள் காலையில் வாசிக்கும்போது, அல்லது பக்கத்தில் இருப்பவர் வாசித்துவிட்டு முகம் சுளிக்கும்போதுதான் குற்றம் வெளியே வரும். ஆக, பிறவித் திறமையா பயிற்சியா என்ற சண்டை முதல் வரைவோடு முடிந்துவிடுகிறது. முதல் வரைவு எங்கிருந்து வருகிறது என்று யாராலும் சொல்லிக்கொடுக்க முடியாது. இரண்டாவது வரைவைச் சொல்லிக்கொடுக்க முடியும். எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

எப்படி என்று சொல்கிறேன். முதல் பருவத்தில் ஒரு கதை கொண்டுபோனேன். மனைவியை இழந்த ஒருவர் வீட்டின் அறை அறையாகப் போய் அவள் விட்டுப்போன பொருள்களைத் தொட்டுப் பார்ப்பார். கடைசியில் அவரும் இறந்துபோவார். வேறென்ன செய்வார், எனக்கு வயது 19. வகுப்பில் பன்னிரண்டு பேர். கதையை முன்கூட்டியே எல்லோரும் வாசித்துக்கொண்டு வந்திருக்கவேண்டும், எழுதியவர் வாயைத் திறக்கக்கூடாது என்பது விதி. பாதிப் பேர் உருக்கமாக இருந்தது என்றார்கள். நான் உள்ளுக்குள் மிதந்துகொண்டிருந்தேன். அப்போது பின்வரிசையில் ஒருத்தி, அதிகம் பேசாதவள், "இவருக்கு என்ன வேலை?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பேச அனுமதி இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது. பதினொரு பக்கம் ஒருவரை அழவைத்து நடமாடவிட்டிருக்கிறேன், அவர் வேலைக்குப் போகிறவரா, ஓய்வு பெற்றவரா, அந்த வீட்டு வாடகையை யார் கொடுக்கிறார்கள் என்று எதுவும் தெரியாமல். அன்றிரவு அவரை ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவராக மாற்றினேன். மாற்றியதும் அவருடைய கைகள் மாறின. பொருள்களை அவர் சும்மா தொட்டுப் பார்ப்பதில்லை, பின்பக்கம் திருப்பித் திருகாணியைத் தேடுகிறார். மூன்றாவது வரைவில் அவர் சாகவில்லை. ஐந்தாவது வரைவில் மனைவியின் நின்றுபோன கைக்கடிகாரத்தைச் சரிசெய்யலாமா வேண்டாமா என்ற ஒரே ஒரு கேள்வியாகக் கதை சுருங்கியது. ஏழாவது வரைவு ஆறு பக்கம். என் முதல் தொகுப்பில் இருக்கும் கதைகளில் இன்றும் நான் வெட்கப்படாமல் வாசிப்பது அதை ஒன்றைத்தான்.

அந்தக் கேள்வியைக் கேட்டவளுக்கு அந்தப் பருவத்தில் எவ்வளவு மதிப்பெண் வந்தது தெரியுமா? வகுப்பிலேயே குறைவு. அவள் எழுதிய கதைகள் சுமார்தான். பிறர் பிரதியை அவள் எப்படி வாசிக்கிறாள் என்பதற்கு அந்தக் கல்லூரியில் மதிப்பெண் இல்லை. பிரதியைப் பார்த்த நொடியில் ஓட்டை எங்கே என்று சொல்லும் கண் லட்சத்தில் ஒருவருக்கு வாய்க்கும். பதிப்பகங்கள் அப்படிப்பட்டவர்களைத் தேடித் தவிக்கின்றன. அவள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போனாள். இதைத்தான் உங்கள் பாடத்திட்டத்தில் சரிசெய்யச் சொல்கிறேன். பிறர் பிரதிக்கு ஒரு மாணவர் எழுதும் குறிப்பு, அவருடைய சொந்தக் கதைக்குச் சமமாக எடைபோடப்படவேண்டும்.

வாய்மூடி உட்காரும் விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகம் முழுக்கப் பட்டறைகளில் இது வெகுகாலம் வேதமாக இருந்தது. இப்போது பலர் இதைக் கேள்வி கேட்கிறார்கள். நமது மரபில் அரங்கேற்றம் என்று ஒன்று இருந்தது. நூல் செய்தவர் அவையின் முன் நின்று அதை வாசிக்கவேண்டும், புலவர்கள் தடை எழுப்புவார்கள், விடை சொல்லவேண்டும். அங்கே வாய்மூடினால் நூல் தோற்றது. இங்கே வாய் திறந்தால் விதி மீறல். இரண்டையும் பார்த்தவள் என்ற முறையில் என் தீர்ப்பு: முதல் வரைவு வகுப்புக்கு வரும்போது எழுதியவர் பேசக்கூடாது, ஏனென்றால் எழுதிய தாளில் இல்லாததை வாயால் இட்டுநிரப்பப் பார்ப்பார். அச்சான பிறகு ஒவ்வொரு வாசகர் வீட்டுக்கும் போய் அவர் விளக்கம் சொல்லப்போவதில்லை. மூன்றாவது வரைவு வரும்போது அவர் பேசியே ஆகவேண்டும். எந்தக் குறிப்பை ஏற்றேன், எதைத் தள்ளினேன், ஏன் தள்ளினேன். அந்த 'ஏன் தள்ளினேன்' என்பதில்தான் ஒரு எழுத்தாளர் உருவாவதைப் பார்க்கலாம்.

தள்ளத் தெரிவதும் பாடம்தான் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் சிறுகதைத் தொகுப்பு ஒன்று 1981-ல் வந்து அவரைப் பெரிய பெயராக்கியது. சுருங்கச் சொல்லல் என்றால் இதுதான் என்று உலகமே கொண்டாடியது. பின்னாளில் மூலப் பிரதிகள் வெளியே வந்தபோது, சுருக்கியவர் அவருடைய எடிட்டர் கார்டன் லிஷ் என்று தெரிந்தது. சில கதைகளில் பாதிக்குமேல் வெட்டு, முடிவுகள்கூட மாற்றப்பட்டிருந்தன. அச்சுக்குப் போகுமுன் நிறுத்தச் சொல்லி 1980-ல் கார்வர் அவருக்குக் கெஞ்சிக் கடிதம் எழுதியிருக்கிறார். வெட்டப்படாத வடிவம் 2009-ல் தனி நூலாகவே வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் முழுக்க வகுப்பில் வாசிக்கவிடுங்கள். எது நல்ல கதை என்று கேளுங்கள். பிறகு, எது அவருடைய கதை என்று கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் ஒரே விடை வராது. வகுப்பு இரண்டாகப் பிரியும். என் வகுப்பில் இப்படியொரு பாடம் இருந்திருந்தால், பின்னாளில் ஒரு பதிப்பாளர் என் கதையின் முடிவை மாற்றியபோது நான் மூன்று மாதம் பேசாமல் இருந்திருக்கமாட்டேன்.

இப்போது உங்கள் படிப்பின் இரண்டாவது பாதிக்கு வருகிறேன். பெரும்பாலான பாடத்திட்ட வரைவுகளில் படைப்பெழுத்து ஒரு பக்கம் மாடியில் உட்கார்ந்திருக்கும், தொழில்முறை எழுத்து கீழே கடை வைத்திருக்கும். கதை எழுதுகிறவர்களுக்கு அறிக்கை எழுதுவது தண்டனை. அறிக்கை எழுத வந்தவர்களுக்குக் கவிதை வகுப்பு ஓய்வு நேரம். ஆசிரியர்களும் இரண்டு கட்சி. நான் படித்த இடத்தில் இரண்டு கட்சியும் தேநீர் இடைவேளையில்கூடச் சேர்ந்து நின்றதில்லை.

இது எவ்வளவு முட்டாள்தனம் என்று வேலைக்குப் போன முதல் வருஷத்தில் தெரிந்தது. மாத்திரை அட்டையோடு வைக்கும் ஒரு துண்டறிக்கை. நான் எழுதியது: "நாளொன்றுக்கு இரண்டு மாத்திரை." சுருக்கம், தெளிவு, இலக்கணப் பிழை இல்லை. அச்சுக்கு முன் நாலைந்து பேரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வது அந்த அலுவலகத்தில் வழக்கம். வாசித்த ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ரெண்டையும் ஒண்ணா போடணுமா, தனித்தனியாவா?" இன்னொரு அம்மா கேட்டார்: "ஒரு வேளை மறந்துட்டா மறுவேளைக்கு ரெண்டு போடலாமா?" கதை வகுப்பில் பின்வரிசையிலிருந்து வந்த அதே கேள்விதான் இது. இந்த ஆள் யார், இவர் கையில் என்ன இருக்கிறது, இதை வாசிக்கும்போது இவர் எந்த நிலையில் இருக்கிறார்? பாத்திரத்தைப் பற்றி அதைக் கேட்டால் கதை. வாசிப்பவரைப் பற்றிக் கேட்டால் மாத்திரைச் சீட்டு. "காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு ஒன்று மட்டும் போடவும்" என்று அது முடிவதற்குள் ஐந்து வரைவு ஆனது, கடைசி வாக்கியத்தைச் சொன்னவர் மருத்துவர், நாங்கள் அதை வாசிக்கும்படி ஆக்கினோம்.

கொஞ்சம் பெரிய உதாரணம் வேண்டுமென்றால், கொலம்பியா விண்வெளி ஓடம். 2003 ஜனவரியில் அது கிளம்பிய ஒன்றரை நிமிஷத்துக்குள் எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து இறக்கையில் மோதியது. ஓடம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் சேதத்தைக் கணக்கிட்டு மேலதிகாரிகளுக்குப் படத்தாள்கள் தயாரித்துக் காட்டினார்கள். அதில் ஒரு தாளைப் பிறகு விசாரணைக் குழு தன் அறிக்கையிலேயே எடுத்துப் பேசியது. தலைப்பு ஆறுதலாக இருந்தது. தலைப்பின் கீழே புள்ளி, அதன் கீழே சிறு புள்ளி, அதன் கீழே இன்னும் சிறு புள்ளி. அடியில், எல்லாவற்றுக்கும் கீழே, ஒரு வரி: மோதிய துண்டின் அளவு 1920 கன அங்குலம், சோதனை செய்து பார்த்த துண்டு 3 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. அந்தச் சோதனை முடிவை வைத்து எதையுமே சொல்ல முடியாது என்பதுதான் அந்தத் தாளின் செய்தி. அது கடைசி வரியில், பொடி எழுத்தில் கிடந்தது. 'குறிப்பிடத்தக்க' என்ற மழுப்பலான பொருளில் ஒரே ஆங்கிலச் சொல் அந்த ஒரு தாளில் ஐந்து முறை வருகிறது. பிப்ரவரி 1-ஆம் தேதி ஓடம் திரும்பும் வழியில் சிதறி, உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். சிதறியதற்குக் காரணம் நுரைத் துண்டு. அந்தத் தாளைப் பார்த்த உயரதிகாரிக்கு இது உயிர்ப்பிரச்சினை என்று உறைக்காமல் போக வாய்ப்பிருந்தது என்று விசாரணைக் குழு எழுதியது.

நன்னூல் இதை 'முறையின் வைப்பே' என்று அழகுகளில் ஒன்றாக வைக்கிறது. எதை முதலில் வைப்பது, எதைக் கடைசியில் வைப்பது. கதை எழுதுகிறவருக்கு இது மூச்சு மாதிரி. முக்கியமான ஒன்றை வேண்டுமென்றே தள்ளிப்போட்டு வாசகரைத் தவிக்கவைப்பது அவருடைய தொழில். தள்ளிப்போடத் தெரிந்தவருக்குத்தான், தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அந்தத் தாளை நல்ல சிறுகதை மாணவர் ஒருவரிடம் காட்டியிருந்தால், "உங்கள் கதை கடைசி வரியில் தொடங்குகிறதே" என்று சொல்லியிருப்பார். அதனால் இரண்டு வகுப்பையும் ஒரே அறையில் வையுங்கள். திங்கட்கிழமை ஒரு துயரக் கதையின் மூன்றாவது வரைவு; புதன்கிழமை அதே பன்னிரண்டு பேர் கையில், அவசர காலத்தில் கட்டடத்தை விட்டு எப்படி வெளியேறுவது என்ற ஒரு பக்க அறிவிப்பின் மூன்றாவது வரைவு. அந்த அறிவிப்பைப் புகை சூழ்ந்த நடைவழியில் நிற்கிற ஒருவராகக் கற்பனை செய்துகொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். கற்பனை எதற்கு என்று அப்போது தெரியும்.

சரி, இதற்கெல்லாம் எத்தனை ஆள் வேண்டும்? இங்கேதான் நிர்வாகம் இருமத் தொடங்கும். கணக்கை நானே போட்டுவிடுகிறேன். ஒரு பருவத்தில் மாணவர் ஒருவர் நான்கு படைப்பு, ஒவ்வொன்றுக்கும் மூன்று வரைவு, வரைவுக்குப் பத்துப் பக்கம் என்று வைத்தால் 120 பக்கம். பன்னிரண்டு பேர் இருந்தால் ஆசிரியர் வாசிக்கவேண்டியது 1440 பக்கம். அதுவும் கையில் பென்சிலோடு, ஒவ்வொரு வரியிலும் நின்று. இது ஒருவர் செய்யக்கூடிய வேலை. கடினம், ஆனால் முடியும். வகுப்பில் 60 பேரைப் போட்டால் 7200 பக்கம். எவரும் வாசிக்கமாட்டார். முதல் பக்கத்தில் ஒரு 'நன்று', கடைசிப் பக்கத்தில் கையெழுத்து. மாணவருக்கு இரண்டே பருவத்தில் இது புரிந்துவிடும், அதன்பிறகு அவர் நடுப்பக்கங்களை எழுதமாட்டார். அறுபது பேரைச் சேர்க்கத்தான் வேண்டும் என்றால் ஐந்து ஆசிரியர் போடுங்கள். முடியாதென்றால் பன்னிரண்டு பேரோடு தொடங்குங்கள். இடையில் வேறு வழி இருப்பதாக எனக்குப் படவில்லை. ஆசிரியரின் பணிநேரத்தில் வகுப்பு எடுக்கும் மணிகளை மட்டும் எண்ணாமல், வாசிக்கும் மணிகளையும் எண்ணுங்கள். அவரையும் வருஷத்துக்கு ஒருமுறை தன் சொந்தப் பிரதியை மாணவர்களிடம் கொடுத்து அடிவாங்கச் சொல்லுங்கள். ஆசிரியருக்கும் முதல் வரைவு இப்படித்தான் வருகிறது என்று பார்ப்பது நூறு சொற்பொழிவுக்குச் சமம்.

தேர்வு. மூன்று மணி நேரம், அடைத்த அறை, "கீழ்க்காணும் தலைப்புகளில் ஏதேனும் ஒன்றில் சிறுகதை எழுதுக." தயவுசெய்து வேண்டாம். அங்கே சோதிக்கப்படுவது முதல் வரைவு. கற்பிக்கவே முடியாத ஒன்றுக்கு மதிப்பெண் போட்டு, கற்பிக்க முடிந்ததைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறீர்கள். ஹெமிங்வே தன் நாவல் ஒன்றின் கடைசிப் பக்கத்தை 39 முறை எழுதியதாக ஒரு நேர்காணலில் சொன்னார். அந்த நாவலின் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில் 47 முடிவுகளை அச்சிட்டார்கள். அந்த எண்ணிக்கைக்கே ஒரு திருத்தம் தேவைப்பட்டிருக்கிறது. அவரை உங்கள் தேர்வறையில் உட்காரவைத்தால் கடைசி மணி அடிக்கும்போது இன்னும் அடித்துக்கொண்டிருப்பார். தோல்வி.

தேர்வுக்குப் பதில் வரைவுக் கோப்பு கேளுங்கள். எல்லா வரைவும், பிறர் எழுதிய குறிப்புகளும், எதை ஏன் மாற்றினேன் என்று இரண்டு பக்கக் கடிதமும். அதை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நேரில் பேச்சு. என் கணக்கில் முதல் வரைவுக்கு மதிப்பெண்ணே கூடாது, அது நுழைவுச்சீட்டு. மூன்றாவது வரைவு முதலாவதிலிருந்து எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது, சரியான திசையில் நடந்திருக்கிறதா என்பதற்குத்தான் பாதி மதிப்பெண். மீதிப் பாதி, பிறர் பிரதிக்கு எழுதிய குறிப்புக்கு.

கேட்டதும் கதை எழுதித்தரும் மென்பொருள்களைப் பற்றிய உங்கள் பதற்றத்துக்கும் என்னிடம் இருக்கும் பதில் இதுதான். யார் எழுதியது என்று துப்பறியும் வேலையில் ஆசிரியர்களை இறக்காதீர்கள். அது வகுப்பைக் காவல்நிலையம் ஆக்கிவிடும். அந்த மென்பொருள் தருவது வழவழப்பான ஒரு வரைவு. நன்னூல் அதற்கும் பெயர் வைத்திருக்கிறது: வெற்றெனத் தொடுத்தல். சொல் சொல்லாகக் கோத்திருக்கும், உள்ளே பொருள் நிற்காது. அந்தப் பிரதியையும் வகுப்பு நடுவில் வைத்து "இவருக்கு என்ன வேலை?" என்று கேட்கலாம். கொண்டுவந்த மாணவர் பதில் சொல்லி, அதற்கேற்பக் கதையை மூன்று முறை மாற்றிக்காட்டினால், அவர் ஏதோ கற்றிருக்கிறார். மாற்றத் தெரியாமல் முழித்தால் கோப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தை வாசிக்கக் கற்றுக்கொடுங்கள். பதிப்புரிமையை விற்பதற்கும் வெளியிடும் உரிமையை மட்டும் கொடுப்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டார்கள், நான் உட்பட. வேலைக்கு விலை சொல்லவும், எத்தனை முறை திருத்தம் அந்த விலைக்குள் அடங்கும் என்று எழுதி வாங்கவும் பழக்குங்கள். மெய்ப்புப் பார்க்கும் குறியீடுகளை ஒரு மதியத்தில் சொல்லிவிடலாம். பிறமொழியிலிருந்து ஒரு பக்கம் மொழிபெயர்ப்பது ஒவ்வொரு பருவத்திலும் இருக்கட்டும். தன் மொழியின் எலும்பு எங்கே இருக்கிறது என்று வேறெதுவும் அவ்வளவு தெளிவாகக் காட்டாது. வாசிப்புப் பட்டியலைப் பற்றி நீங்கள் எப்படியும் சண்டை போடுவீர்கள், போடுங்கள்.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர்கள் கேட்பார்கள். கிடைக்கும், ஆனால் எழுத்தாளர் என்ற பெயரில் அதிகம் கிடைக்காது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். ஆவணம் எழுதுபவர், உள்ளடக்க எடிட்டர், வசன வரி தயாரிப்பவர், நிதி விண்ணப்பம் எழுதுபவர் என்று வேறு வேறு பெயர்களில் அந்த வேலைகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் முதல் வரைவை எழுதுவதற்கு ஆள் ஏராளம். பிறர் எழுதிய மோசமான முதல் வரைவை முகம் கோணாமல் வாங்கி, எழுதியவரின் மனமும் நோகாமல், மூன்றாவது வரைவாக்கித் திருப்பித் தருகிறவர்களுக்குத்தான் தட்டுப்பாடு. 18 வருஷமாக எனக்குச் சோறு போடுவது அது.

என் கடிகாரக் கதையின் ஏழு வரைவுகளும் ஓர் அட்டைப்பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. உங்களில் யாராவது முதல் வகுப்புக்குக் கேட்டால் நகல் எடுத்து அனுப்புகிறேன். முதல் வரைவைக் கண்டு மாணவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இரண்டாவது வரைவின் ஓரத்தில் பச்சை மையில் சின்னச் சின்னக் கேள்விகள் இருக்கும். அவை என் கையெழுத்து அல்ல. யாருடையது என்று மாணவர்கள் கேட்டால், வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண் வாங்கியவளுடையது என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாடத்திட்டத்தின் வரைவை வாசிக்கக் காத்திருக்கும்
ஒரு பழைய மாணவி